வீசம்

இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்
ஆறு பத்து பஸ் இல்லை.
நிறுத்தத்தில் ஒரு தாள்:
பாலம் பழுது, மூன்று வாரம்.
கையில் தொழிற்சாலை தரும் பங்கு,
உடைந்த ரொட்டி இரண்டு, சூடு ஆறாதவை.

இந்த மொராவியக் கிராமத்துக்கு வாக்கப்பட்டுப்
பதின்மூன்று வருஷம்.
காட்டைப் பார்த்திருக்கிறேன்,
பஸ் ஜன்னலில் ஓடும் பச்சையாக.
ஓடையோரம் நடந்தால் பாதித் தூரம்தான் என்று
டேங்கர் ஓட்டும் ஒல்ட்ரிஹ் ஒருமுறை சொன்னார்.
அவர் கொண்டுவரும் மாவு
குழாயில் வரும், குழாயில் போகும்.
நான் தொடுவது
பிளாஸ்டிக் உறையை மட்டும்.

மார்ச் மாதச் சேறு.
காலணி ஒவ்வொன்றும் ஒரு படி கனம்.
அதுவரை முணுமுணுத்து வந்த ஓடை
ஒரு வளைவில் குரலை உயர்த்தியது.
முள்ளை விலக்கினேன்.

சுவர்.
கூரை இல்லாத அறைக்குள்
ஒரு பிர்ச் மரம், வீட்டுக்காரி தோரணையில்.
சக்கரம் இருந்த இடத்தில் அச்சு மட்டும்.
துருவும் பாசியும் அதைப்
பாகம் பிரித்துக்கொண்டிருந்தன.
தரையில் திரிகைக் கல்,
என் சமையலறை மேசையைவிட அகலம்.
நடுக்குழியில் மழைநீர்,
நீரில் தவளை முட்டைகள்
ஜவ்வரிசிபோல.

தண்ணீர்ப் பக்கச் சுவரில் ஒரு பிளவு.
தலை நுழையாது, கை நுழையும்.
அம்பு எய்யும் சாளரம்,
படுக்கைவாட்டில்.
மாவு அரைக்கிற இடத்துக்கு
எதற்கு அம்பு?

அப்போதுதான் நிமிர்ந்தேன்.
சரிவுக்கு மேலே, இலை விடாத கிளைகளுக்கு அப்பால்,
இரண்டு சுவர் சந்திக்கும் ஒரு மூலை.
அந்த மூலை மட்டும்.
கோட்டை என்ற சொல் அழிந்து
கொம்பு மட்டும் நிற்பதுபோல.

வனத்துறைப் பலகையில் பாதி எழுத்துதான் மிச்சம்:
பிரபுவின் ஆலை.
ஏழு கிராமமும் இங்கேதான் அரைக்க வேண்டும்.
மூட்டைக்கு வீசம் மேலே போக வேண்டும்.
வீட்டில் திரிகை வைத்திருந்தால்
ஆள் வந்து உடைத்துப்போடுவான்.
அதற்குக் கீழே எல்லாம்
மழை தின்றுவிட்டது.

மீதியைச் சுவரே சொன்னது.
மேலிருந்தவர்கள் போன பிறகு
ஆலைக்காரன் மலை ஏறியிருக்கிறான்.
அவசரமில்லாமல், ஒவ்வொரு கல்லாக,
போனதையெல்லாம்
வீசம் வீசமாய் இறக்கியிருக்கிறான்.
அம்புச் சாளரத்தையும் விடவில்லை.
நிற்கவைக்க இடம் போதாமல்
படுக்கவைத்துவிட்டான்.
அதன் வழியே
மாவுத்தூசி வெளியே போயிருக்கும்.

நானும் ஏறினேன்.
இரண்டு இடத்தில் வழுக்கி, ஒரு இடத்தில் தவழ்ந்து.
மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கும்போது
கீழே ஒரு நீலம்.
கொடியில் நான் எடுக்க மறந்த போர்வை.
பக்கத்தில் எங்கள் வீடு,
எங்கள் குளியலறை ஜன்னல்.
அதற்கு நான் திரையே போட்டதில்லை,
எதிரில் யார் இருக்கிறார்கள் என்று.

"இவ்வளவு நேரம் எங்கே?"
"கோட்டைக்குப் போயிருந்தேன்."
"ஓ, அதுவா," என்றார் பொஹுமீர், காபியைக் கலக்கியபடி.
"பள்ளிக்கூட நாளில் அங்கேதான் சிகரெட் பிடிப்போம்.
ஒருநாள் ஸ்டாசாவோடு..." என்று தொடங்கி
சர்க்கரையைத் தேடினார்.
"பதின்மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."
"நீ கேட்கவில்லையே."

பையைத் திறந்து பார்த்தார்.
"இரண்டு தருவார்களே?"
"ஒன்று மேலே போய்விட்டது," என்றேன்.
பொய்யில்லை.
அந்த மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து,
மடியெல்லாம் பொடி உதிர,
ஏழு கிராமத்தையும் பார்த்தபடி
நானே தின்றேன்.
வீசம் அல்ல.
முழுசாக.