அசைவின் குறைந்தபட்ச அளவு

துணுக்காய் கூட்டுறவுச் சங்கத்தின்
பழைய உரக் களஞ்சியத்தில்
சுவர் நிறைய ஒரு குளத்தை எறிந்தேன், புரொஜெக்டரால்.
வவுனிக்குளத்துக் கட்டில் நின்று எடுத்த
பதினொரு நிமிட நீர்.
யூரியா வாசம் போகவில்லை.

கமெரா உடலைப் பார்க்கும்.
நிரல் தோள்களைத் தேடிப் பிடிக்கும்.
வாசலில் மட்டையில் எழுதி ஒட்டினேன்:
'இரண்டு கைகளையும் உயர்த்துங்கள். நீர் எழும்.'

பெடியள் உயர்த்தினார்கள். குளம் வான் பாய்ந்தது.
ஒருவன் சாரத்தைக் கழற்றி வீசி
நிரலையே குழப்பினான். அதையும் குறித்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு அற்புதராணி வந்தா.
மட்டையை வாசித்தா. இரண்டு தரம்.
ஒரு கையில் சீனிப் பை,
மற்றக் கை அதற்குக் கீழே.
"இப்பிடி உயத்தச் சொல்லி
முந்தியும் சொன்னவை, தம்பி."
வேறொன்றும் சொல்லவில்லை.
போகவுமில்லை.

அவ அசையாமல் நின்ற ஏழு நிமிடமும்
நிரலின் பதிவேட்டில்
ஆள் இல்லை. ஆள் இல்லை. ஆள் இல்லை.
அதை எழுதினது நான்தான்,
நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்:
அசைவு இவ்வளவுக்குக் குறைந்தால்
வெற்றிடம் என்று.

இரவு மட்டையைக் கிழித்தேன். அது லேசு.
அந்த வரிக்குத்தான் விடியுமட்டும் பிடித்தது.
ஒரு மூச்சுக்குச் சேலைத் தலைப்பு எவ்வளவு அசையும்?
போர்வையைச் சுற்றிக்கொண்டு என்னையே நிறுத்தி அளந்தேன்,
நுளம்பு கடிக்கக் கடிக்க.

இப்போது சும்மா நின்றால் போதும்.
நிற்கிறவரின் கால்மாட்டில்
ஒரு சின்ன வட்டம் தொடங்கும்.

அவ திரும்ப வரவில்லை.
மத்தியானம் ஒரு நாய் வந்து படுத்தது.
வட்டம் வந்தது.