குத்துமதிப்பு

புன்டா அரீனாஸில் செப்டம்பர்க் காற்று
கிடங்குத் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஒரு வியாழன்
நெலிதா பாரியென்டோஸ்
நாற்காலியை உருட்டிக்கொண்டு நேராக வந்து
என் தராசு மேடைமேல் நின்றாள்.

நின்றாள் என்றா சொன்னேன்?
வாய்ப் பழக்கம்.
ஏறி, பிரேக்கைப் போட்டாள்.

"நிறுத்துச் சொல்லுங்கள்."
"இது ஆட்டு ரோமம் நிறுக்கிற தராசு, அம்மா."
"தெரியும். ஊரில் படி இல்லாத தராசு இது ஒன்றுதான்."

ஆஸ்பத்திரியில் அவளை நிறுத்துப்
பதினோரு வருடமாம்.
அங்குள்ளது இரண்டு பாதம் வைக்கிற அகலம்.
ஒவ்வொரு முறையும் ஒரு நர்ஸ்
பூசணிக்காய்க்கு விலை கேட்பவள்போல்
மேலும் கீழும் பார்த்துவிட்டு
அறுபது என்று எழுதுவாளாம்.
அந்த அறுபதுக்குத்தான் மருந்து.
அந்த மருந்துக்குத்தான்
காலையெல்லாம் சுழல்கிற சுவர்கள்.

முப்பது வருடமாக நிறுக்கிறேன்.
ஈரக் கம்பளி பொய் சொல்லும்.
மணல் ஒட்டிய கம்பளி இன்னும் கூசாமல் சொல்லும்.
கண்ணளவாய் எடை எழுதிய ஒருவனை
முதலாளி அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்.
ஆனால் அது கம்பளி,
கிலோவுக்குக் காசு.

முள் தள்ளாடி எழுபத்து நான்கில் நின்றது.
இனி நாற்காலியைத் தனியே நிறுக்க வேண்டும்.
தூக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீர்கள்.
அந்தப் பொதியை இப்படித் தள்ளுங்கள்,
உயரம் சரியாயிருந்தால் நானே மாறிக்கொள்வேன்."
மாறிக்கொண்டாள், ஒரே வீச்சில்.
பொதிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னாள்:
"அங்கே கட்டில் என் மார்பு உயரம்.
அதனால் டாக்டர் என்னை
மேல்கோட்டோடுதான் பரிசோதிக்கிறார்.
என் கோட்டுக்கு ஒரு நோயும் இல்லை."

நாற்காலி இருபத்து மூன்று.
நெலிதா ஐம்பத்தொன்று.

ரசீது கேட்டாள்.
என்னிடமிருப்பது கம்பளி ரசீது.
பண்ணை: கோடு போட்டேன்.
ரகம்: கோடு.
கழிவு: இருபத்து மூன்று, இரும்பும் ரப்பரும்.
உரிமையாளர் என்ற இடத்தில்
பேனா தயங்கியது.
எட்டிப் பார்த்தாள்.
"என் பெயரைப் போடுங்கள். வேறு யார்?"

மருந்து குறைந்தது, சுவர்கள் நின்றன.
அடுத்த வியாழன் மூன்று பேர் வந்தார்கள்,
அதற்கடுத்து ஏழு.
யெர்கோ எட்டு கிலோ இளைத்திருந்தான்.
அது அவன் நர்சுக்குத் தெரியாது,
அவன் அக்காவுக்குத் தெரியாது,
பெல்ட்டில் புதிதாய்த் துளையிட்ட ஆணிக்கு மட்டும் தெரியும்.

நாற்பத்து மூன்று ரசீதுகளை
நகராட்சிக் கூட்டத்தில் மேஜைமேல் பரப்பினாள் நெலிதா.
"சிறப்பு வசதிகளுக்கு இந்த ஆண்டு நிதி இல்லை" என்றார்கள்.
அவள் ஜன்னலைக் காட்டினாள்.
கீழே சதுக்கத்தின் மூலையில்
காற்று நாட்களில் நகராட்சி கட்டுகிற கயிறு,
அதைப் பிடித்து, தொப்பியைப் பிடித்து,
தள்ளாடிக்கொண்டு ஒரு வங்கி மேலாளர்.
"அது யாருக்கு?
நடக்கத் தெரிந்தவர்கள் விழாமலிருக்கத்தானே?
அதற்கு மட்டும் ஏன்
வெறும் கயிறு என்று பெயர்?"

பதில் அன்று வரவில்லை.
ஏப்ரலில் தராசு வந்தது,
தரையோடு தரையாக, நல்ல தராசு.
அதை வைத்த அறையின் கதவு
நாற்காலியைவிட இரண்டு விரல் குறுகல்.
மறுபடி கடிதம், மறுபடி கூட்டம்.
கடைசியில் ஒரு தச்சன் கதவைக் கழற்றிவிட்டுப்
பச்சைத் திரை தொங்கவிட்டான்,
அரை மணி நேர வேலை.

யெர்கோ அந்தத் திரையைப் பார்க்கவில்லை.
அவன் ரசீதுகளின் அடிக்கட்டை என் இழுப்பறையில் இருக்கிறது,
ஒவ்வொன்றிலும் எண் இறங்கியபடி.

நெலிதா இன்னும் வியாழன்களில் வருகிறாள்.
எதற்கு என்றேன்.
"அவர்கள் தராசை நிறுத்துப் பார்க்க."
அங்கே ஐம்பத்து மூன்று.
இங்கே ஐம்பத்து மூன்றரை.
அந்த அரைக் கிலோவுக்காக
இருவரும் சண்டை போடுகிறோம்.
வெளியே காற்று.
பொதியை அவளுக்குச் சரியான உயரத்தில்
அங்கேயே விட்டு வைத்திருக்கிறேன்.