ஏறக்குறைய

மூன்று மதிப்பீட்டாளர்கள்.
முதலாமவர் எட்டு வரியில் வாழ்த்திவிட்டார்,
படித்ததற்கான அடையாளம் ஏதுமில்லை.
மூன்றாமவருக்கு
மேற்கோள் பட்டியலில் தன் பெயர் இல்லாத வருத்தம்;
இப்போது நான்கு இடத்தில் இருக்கிறது.

இரண்டாமவர்தான் பதினோரு பக்கம்.

கருத்து இருபத்தொன்பது:
'தெளிவாகவே' என்ற சொல்லை ஆய்வேட்டில்
நாற்பத்தொரு முறை எழுதியிருக்கிறீர்கள்.
ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தேன்.
முப்பத்தெட்டு தெளிவாகவே இருந்தன.
இரண்டுக்கு ஒரு மாலைநேரம் ஆனது.
பக்கம் எழுபத்திரண்டில் இருப்பதற்கு
இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

தார்த்துவில் மார்ச் மாதம்.
கூரைகளிலிருந்து பனிப்பாளம் சரிகிறதென்று
நடைபாதையை நாடா கட்டி மறித்திருக்கிறார்கள்.
வெளியே போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பதில் கடிதத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு.
முதலில் நன்றி சொல்.
பிறகு, நீங்கள் சொல்வது சரி என்று சொல்.
பிறகு, சொன்னதைச் செய்யாமல் விட்டதற்குக்
காரணம் சொல்.
இருபத்தெட்டு கருத்துக்கும் அப்படியே எழுதினேன்.
காற்புள்ளிக்கு நன்றி. குறியீட்டு மாற்றத்துக்கு நன்றி.
இந்தப் படம் தலைகீழாக இருக்கிறதா என்ற கேள்விக்கு
மனமார்ந்த நன்றி.
(இருந்தது.)

பக்கம் எழுபத்திரண்டு:
"தெளிவாகவே, அல்காரிதம் தொடாத முனை ஒன்று
எப்போதும் மிஞ்சும்."
அந்த வரியை எழுதிய இரவு நினைவிருக்கிறது.
மணி மூன்று. எனக்குத் தூக்கம் தேவைப்பட்டது,
நிறுவலுக்கு ஒரு முனை தேவைப்பட்டது.
ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் முழுக்க
இந்த ஆளுக்குப் புரியவில்லை என்பதை
மரியாதையாகச் சொல்லும் வழி தேடினேன்.
இரண்டாம் நாள் சிறியதிலிருந்து தொடங்கினேன்.
மூன்று முனை: மிஞ்சுகிறது.
நான்கு: மிஞ்சுகிறது.
ஐந்து முனைகளை வட்டமாகக்
கைகோத்து நிற்கவிட்டேன்.
அத்தனையையும் தொட்டுவிட்டு
அல்காரிதம் வெளியே போயிற்று,
கதவைக்கூடச் சாத்தாமல்.

ஐந்து.
நான்கு ஆண்டுகளாக முடிவிலியைப் பற்றி
எங்கெங்கோ பேசியிருக்கிறேன்,
ஐந்து வரை எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஒட்டுப்போட முடிந்தது.
வளையங்களைத் தனியே ஒதுக்கி
மீதியை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போனால்
முனை மிஞ்சுகிறது.
கூலியாக ஒரு மடக்கை கேட்கிறது.

உர்மாஸ் வந்தான், கையெல்லாம் மசகு.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
"உடைந்துவிட்டதா?"
"இல்லை. ஒரு மடக்கை போயிற்று."
"அது எவ்வளவு?"
"பத்து லட்சத்துக்கு இருபது."
"இருபது மடங்கா?"
"எங்கள் துறையில் அதை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்போம்."
"அப்புறம் மூன்று நாளாக ஏன் சாப்பிடவில்லை?"
கறுப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டே கேட்டான்.
அவன் துறையில் இருபது மடங்கு தவறினால்
உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

'இறுக்கமான கீழ்வரம்பு' என்பது தலைப்பு.
ரீகா மாநாட்டில் கைதட்டியது
அந்த 'இறுக்கமான'வுக்குத்தான்.
அதற்கு முன்னால் போய்
ஒரு சொல் தட்டினேன்: ஏறக்குறைய.
முகப்பு, பொருளடக்கம், பக்கத் தலைகள்
எல்லாம் ஒரு சொல் அகலம் நகர்ந்து கொடுத்தன.
முன்னுரையில் ஒரு சமன்பாடு மட்டும்
அடுத்த பக்கத்தில் போய் விழுந்தது.

மீதி முப்பத்தெட்டையும் தேடிப் போனேன்.
ஒரே சொடுக்கில் அழித்திருக்கலாம்.
ஒவ்வொன்றிலும் நின்றேன்.
விடியும்போது முப்பத்தேழு.

பிறகு கடிதம். கருத்து இருபத்தொன்பது.
நன்றிகளை எல்லாம்
காற்புள்ளிகளுக்கே செலவழித்துவிட்டிருந்தேன்.
நீங்கள் நின்ற இடத்தில் நானும் நின்றேன், என்று எழுதினேன்,
அங்கே தரை இல்லை. இப்போது போட்டிருக்கிறேன்.
பக்கம் நூற்றாறையும் ஒருமுறை பாருங்கள்.
அதை நீங்கள் கேட்கவில்லை.