பதினான்காம் எண் சட்டை

தாபெர்னாஸில் மழை வருஷத்துக்கு நாலு தடவை.
அதனால் துணி சீக்கிரம் காயும்.
ரத்தம் அதைவிடச் சீக்கிரம்.
எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

மாலை ஆறு மணிக்கு லாரி வரும்,
அன்றைக்குச் செத்தவர்களின் சட்டைகளோடு.
பீட்ரூட் சாறு, சர்க்கரைப் பாகு, ஏதோ ஒரு சிவப்புப் பொடி.
முதலில் எறும்புகளை உதற வேண்டும்.
பிறகு பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு,
பிறகு தோட்டா துளைத்த இடத்தைத் தைப்பது.
விடிந்தால் அதே சட்டைக்குள் அதே ஆள்
காப்பிக்கு வரிசையில் நிற்பான்:
"ஃபுவென்சாந்தா, நேற்று என்னைக் கொன்றவன்
பணம் திருப்பித் தந்தானா, பார்த்தாயா?"

இந்தலேசியோவுக்குக்
கூரையிலிருந்து விழ முந்நூறு பெசெத்தா.
குதிரையோடு சேர்ந்து விழ ஐந்நூறு.
சும்மா தெருவில் மண்ணைக் கவ்வ நூற்றைம்பது;
மண் நிஜமாகவே வாய்க்குள் போனாலும் அதே நூற்றைம்பது.
ஒரே படத்தில் மூன்று தரம் செத்திருக்கிறான்,
மீசையோடு, மீசையில்லாமல்,
தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு.
மூன்றாவது தரம் சுட்டவனும் தானே என்று
தாயின் மேல் சத்தியம் செய்வான்.

எர்மோஹெனெஸ் குகைவீட்டில் பிறந்த ஹித்தானோ.
திங்கள் மெக்சிகோக்காரன், செவ்வாய் அப்பாச்சி,
புதன் முழுக்க நீலச் சீருடை.
வியாழன் அவனாகவே சம்பளம் வாங்கப் போனபோது
காவல்காரன் சொன்னான்:
"ஹித்தானோவா? பின்வாசலுக்குப் போ."

எர்மெத்தே மட்டும் ரோமிலிருந்து வந்தவன்.
சுவரொட்டியில் பெயர் உண்டு, வேறு பெயர்.
வில்லன். அவன் கண் சுருங்கினால்
கொட்டகையில் குழந்தைகள் அழும்.
அவனுக்குத் திக்குவாய்.
படத்தில் பேசுவது யாரோ ஒருவன்,
ரோமில் ஓர் இருட்டறையில்,
தொண்டைக்குள் சரளைக்கல் போட்டுக்கொண்டவன் மாதிரி.
"க... க... கஞ்சி கொஞ்சம் கம்மியாகப் போடு, அம்மா,
க... கழுத்து அறுக்கிறது."
அவன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது.
முகம் எல்லாரிடமும் இருக்கிறது.
இந்தக் குரல் இப்போது என்னிடம் மட்டும்தானோ என்று
சில இரவுகளில் பயம் வரும்.
யாருமில்லாத சமையலறையில்
ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

செத்துப் பிழைத்தவன் என்று
நாம் எத்தனை பேரைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
இந்தலேசியோ அதைப் பிழைப்பாகவே வைத்திருந்தான்.
பிறகு ஒரு பிப்ரவரியில்,
காய்ச்சல், தரையிலிருந்து இரண்டடி உயரக் கட்டில்,
கேமரா இல்லை.
மனைவி காசில்தா துணிக் கொட்டகைக்கு வந்தாள்.
நல்ல சட்டை வீட்டில் ஒன்றும் இல்லையாம்.
பதினான்காம் எண்ணை எடுத்துக் கொடுத்தேன்.
நெஞ்சில் ஏழு தையல், முதுகில் மூன்று.
பழுப்பு நூல் தீர்ந்துபோன வாரத்தில்
நீல நூலால் போட்ட ஒன்று, இடது பையின் கீழே.
கணக்குப் புத்தகத்தில் "காற்றில் பறந்தது" என்று எழுதினேன்.
ஒன்பது நாள் கூலியில் பிடித்தார்கள்.

ஆகஸ்டில் சதுக்கத்தில் திரை கட்டுகிறார்கள்.
ஜெர்மன்காரர்கள் நாற்காலி தேடி வருகிறார்கள்.
எல்லாரும் துப்பாக்கியைப் பார்க்கிறார்கள்,
நான் தையலைப் பார்க்கிறேன்.
போன வருஷம் அந்த நீல நூல் வந்தது,
என் கை அகலத்துக்கு,
அரை நொடி.
பக்கத்திலிருந்த பெண்ணின் முழங்கையைப் பிடித்துவிட்டேன்.
அவள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

நவம்பர் முதல் தேதி கல்லறைச் சுவரைக் கழுவும் நாள்.
அவனை நான்காவது வரிசையில் வைத்திருக்கிறார்கள்;
உயரம் அவனை விடவில்லை.
காசில்தாவும் போய்விட்டதால் ஏணியில் ஏறுவது நான்.
எழுபத்தொன்பது வயதில் ஏறாதே என்கிறான்
பூக்கடைக்காரன்.
கீழே சிமெண்ட்.
விழுவது எப்படி என்று எனக்குத் தெரியும், சொன்னேன்.
தோளை முன்னால் கொடுக்க வேண்டும்.
கழுத்தை உள்ளே இழுக்க வேண்டும்.
யாரோ வைக்கோல் போட்டிருப்பார்கள் என்று
நம்ப வேண்டும்.