இறங்கு ஏலம்

இரவு ரெண்டு மணி.
நுளம்புவலையின் கரை
காத்தில அசைஞ்சு பெருவிரலைத் தொட்டதுக்கே
கத்திப்போட்டன்.
சிப்பியை இடிச்சு ஆரோ
மூட்டுக்குள்ள கொட்டினமாதிரி.

லூர்தம்மா லைற்றைப் போட்டாள்.
"பாம்போ?"
இல்லையடி,
கடிச்சது நேற்றுத் திண்ட நண்டு.

பாசையூர்ச் சந்தையில
இருபத்தாறு வருசமாய் ஏலம் கூறுற வாய் இது.
ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு,
ஆர் கேக்கிறது, மீனைப் பாராதை, வாயைத் திற!
அண்டைக்கு விடிய ஈரச் சீமெந்தில
ஒற்றைக்கால்ல நிண்டன்.
"கொக்குக்கு என்ன தவமோ?" எண்டான் றெக்சன்.
கூடைக்காரியள் எல்லாரும் சிரிச்சினம்.
நானும் சிரிச்சன், பல்லைக் கடிச்சுக்கொண்டு.

ஒரு காலில சப்பாத்து, மற்றதில றப்பர் செருப்பு.
அப்பிடியே பஸ் ஏறிக் கைதடிக்குப் போனன்.
சித்த வைத்தியர் என்ரை மகளிலும் இளசு.
நாடி பிடிச்சா.
பிடிச்சுப்போட்டு, ரத்தமும் குத்திப் பாருங்கோ எண்டா.
யூரிக் அமிலம் ஒன்பது தசம் நாலு.
"உது கிலோவோ?" எண்டு கேட்டன்.
அவ சிரிக்கேல்லை.

மூக்கிரட்டை, சீந்தில், நெருஞ்சில்
எண்டு துண்டில எழுதினா.
நெருஞ்சில்!
கடற்கரை ஒழுங்கையில
என்ரை குதிக்காலைத் தேடித் தேடி ஏறின சனியன்.
இப்ப அதை முட்டியில அவிச்சு
எட்டில ஒண்டாய் வத்த வைச்சுக் குடிக்கிறன்.
காலைக் குத்தினது
காலுக்குக் காவல் நிக்குதாம்.
நிக்கட்டும், பாப்பம்.

"பெரியாஸ்பத்திரிக் குளிசையை மட்டும் விட்டிடாதையுங்கோ.
இது அதுக்குத் துணை, மாற்றில்லை" எண்டா.
பிறகு விரலை மடிச்சா:
நண்டு, றால், சூடை, கணவாய், ஈரல், பியர்.
"கள்ளு?"
பேனையின்ரை மூடியைப் பூட்டினா.

ஸ்காபரோ மச்சான்
செரிப்பழக் குளிசை ஒரு போத்தல் அனுப்பினவன்.
லூர்தம்மா அதை மாதா படத்துக்குக் கீழ வைச்சிருக்கிறாள்.
வைத்தியரிட்டைக் காட்டிக் கேட்டு, ஒவ்வொண்டாய்ப் போடுறன்.
வேலை செய்யுதோ தெரியாது.
மச்சான்ரை பாசம் வயித்துக்குள்ள போகுது,
அது தெரியும்.

தவக்காலத்தில இறைச்சியை விட்ட சனம்
மீனில சீவிக்கும்.
எனக்கு மீனும் இல்லாத தவக்காலம்.
உயிர்ப்பு ஞாயிறு எப்ப எண்டு
ஒரு கலண்டரிலயும் இல்லை.

றெக்சன்ரை மகளின்ரை முதல்நன்மைக்குக் கூழ்.
ஒடியல் மா, பயித்தங்காய், மரவள்ளி,
நடுவில சிவந்த நண்டுக்கால்
என்னைப் பார்த்துக் கையைக் காட்டுது.
ஒரு சிரட்டை. ஒரேயொரு சிரட்டை.
மூண்டு நாள் கட்டில்.
லூர்தம்மா ஒரு சொல்லும் சொல்லேல்லை.
அதுதான் கூடச் சுட்டது.

பிறகு தண்ணி.
நாளுக்கு மூண்டு லீற்றர்;
ஏலத்துக்கு நடுவில ரெண்டுதரம் ஓடுறன்,
விலை அந்தரத்தில நிக்கும்.
பின்னேரத்தில சைக்கிளில குருநகர் இறங்குதுறை மட்டும்.
வண்டி வத்திச்சு.
ஆறு மாசத்தில ஒன்பது கிலோ;
நிறுத்தது மீன் தராசில.

கிளினிக் நாள்.
தாதி பைலைத் திறக்க
நெஞ்சுக்குள்ள ஏலம் துவங்கீற்று, தலைகீழாய்.
ஒன்பது... எட்டரை... ஏழு...
ஆர் குறைச்சுக் கேக்கிறது?
"ஐஞ்சு தசம் எட்டு, ஐயா."

"ஒருதரம்!" வாய் என்ரை சொல்லுக் கேக்காமல் கத்துது.
"ரெண்டுதரம்!"
வாங்கில இருந்த வருத்தக்காரர் எல்லாம் திரும்பினம்.
மூண்டாந்தரம் சொல்லேல்லை.
இது வித்து முடிஞ்சுபோற சாமானில்லை
எண்டு கைதடியில சொல்லி விட்டவ.

வீட்டை வர
லூர்தம்மா சூடை பொரிக்கிறாள், தனக்கு.
குசினி வாசலில கதிரையைப் போட்டு
சுரைக்காய்க் கறியோட குந்தியிருக்கிறன்.
வாசம் எனக்கும் சேர்த்துத்தான்.
வாசத்தில யூரிக் இல்லை,
விசாரிச்சிட்டன்.