கல் நடுதல்

பொத்துவிலில் நிலம் அளப்பது
ஈரத் துணியை விரித்து அளப்பது போல.
காலையில் பிடித்த கோடு
அசருக்கு மறுகா வேறு.

தெற்கே அறுகம் களப்பு,
வடக்கே கோமாரிக்குப் போகும் தெரு,
மேற்கே வட்டைகள், அதற்கும் மேற்கே லகுகலைக் காடு;
அங்கிருந்து யானைகள்
அனுமதிப் பத்திரம் இல்லாமல் ராவில் இறங்கும்.
கிழக்கைச் சொல்லத் தேவையில்லை.
ஒரு மார்கழி ஞாயிறு அதுவே எழுந்து வந்து
தன்னைச் சொல்லிவிட்டுப் போனது.

வில் என்றால் நீர் தேங்கும் பள்ளம்.
பொத்துவில், தம்பிலுவில், கோளாவில்.
பெயர்களில் இன்னும் தளும்புகிறது,
எங்கள் கந்தோரில்தான்
நீல மை தீர்ந்து நெடுநாள்.

அன்று மண்மலையில் மூன்று பேர்.
சங்கிலி பிடிக்க ஆதம்பாவா,
மண்வெட்டிக்குத் தங்கவடிவேல்,
குடைக்குக் கீழே நான்,
என் பைக்குள் கட்டளைக் கடிதம்.
இருபத்தேழாம் இலக்க எல்லைக்கல்லுக்குக்
குழி தோண்டினோம்.

இரண்டடியில் ணங் என்றது.
தங்கவடிவேல் கையை உதறினான்.
பிறகு விரல்களால் வழித்தோம்,
பிள்ளையின் வாயோரச் சோற்றை வழிப்பது போல.
செங்கல்.
முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம்,
இப்போது எந்தச் சூளையிலும் வேகாத அகலம்.

மூவரும் ஒரே நேரத்தில்
தெருவைத் திரும்பிப் பார்த்தோம்.
இங்கே பழசு கிடைப்பது
புதையல் கிடைப்பது போல அல்ல.
ஒரு செங்கல் எழுந்தால்
மறுநாள் ஒரு பலகை எழும்,
மறுகா ஒரு வேலி,
வேலிக்குள் யாரோ ஒருவரின் கிணறு.

"ஆர்ர கட்டடம் சேர்?" என்றார் ஆதம்பாவா.
ஆர்ர என்ற கேள்வி தன்மேல் படாமல்
எத்தனை காலம் கிடந்திருக்கும் அது.

தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்துக் கழுவினேன்.
எழுத்து இல்லை. தாமரை இல்லை.
சூலம் இல்லை, பிறையும் இல்லை.
ஒரு நாய்க்கால்.
நாலு விரல், ஒரு உள்ளங்கால்,
நகம் அழுந்திய புள்ளிகள்.
கல் காயப் போட்டிருந்த களத்தில்
எதையோ துரத்தி, அல்லது துரத்தப்பட்டு,
குறுக்கே ஓடியிருக்கிறது.
ஒருத்தன் எழும்பி நின்று ஏசியிருப்பான்.
எந்தப் பாஷையில் என்று
நாய் குறித்து வைக்கவில்லை.

ஆதம்பாவா தெருவில் நாய் வந்தால்
சாரத்தைத் தூக்கி விலகி நடப்பவர்.
அவர்தான் முதலில் சிரித்தார்.
"கள்ளன், நேரே ஓடல்ல, பாருங்க."

குழியை மூடினோம்.
இருபத்தேழை
ஒன்றரை அடி தள்ளி நட்டோம்.
தாளில் அந்தக் கோடு அங்கே மட்டும்
கொஞ்சம் வளையும்.
மேலிடம் கேட்டால்
மணல் இடம் பெயர்கிறது என்பேன்.
அது பொய்யும் இல்லை.

கடல் பக்கமிருந்து காற்று.
தங்கவடிவேல்
தேத்தண்ணிக் கடை திறந்திருக்குமா என்று கேட்டான்.