ஒளிராத தண்ணீர்

போன ஐப்பசியில்
மணக்குடிக் காயலோரம் என் குளம்
ராத்திரி மின்னியது.
கையை விட்டு அளைந்தால்
விரல் விரலாக நீலம் வழிந்தது.
வீடியோ எடுத்து பஹ்ரைனுக்கு அனுப்பினேன்.
ஸ்டேட்டஸ் வைத்தார் வென்சிலாஸ்:
"நம்ம குளத்தில நட்சத்திரம்."
நூற்றிப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் கொடுவா மேலே வந்தது.
கண்ணில் பால் படர்ந்து
வயிற்றில் சிவப்புப் புண்ணோடு
துடுப்பெல்லாம் தேய்ந்த வாரியல்.

மஞ்சள் பொடி போட்டேன்.
முதல் தடவை கேட்டது.
இரண்டாம் தடவை யோசித்தது.
மூன்றாம் தடவை
நோய் அதைத் தின்றுவிட்டுத் தூங்கியது.

ஆயிரத்து எண்ணூறு மீன்.
தென்னைக்குக் குழி வெட்ட வந்த ஜேசிபி
அதற்கும் வெட்டியது.
மணிக்கணக்கு வாடகை.
சுண்ணாம்பு நான் தூவினேன்.

நாகர்கோவில் ஆய்வுக்கூடத்தில்
அபிஷ்மா என்றொரு பெண்
வட்டத் தட்டைத் திருப்பிக் காட்டினாள்.
பச்சைப் புள்ளிகள்,
வேர்க்குரு மாதிரி, எண்ண வழியில்லாமல்.
இதுதான் உங்க நட்சத்திரம், என்றாள்.
கொல்லப் பார்க்காதீங்க அக்கா,
உக்கார இடம் கொடுக்காதீங்க.

எனக்கு உடனே வடசேரி பஸ் ஸ்டாண்டு.
பண்டிகைக்கு முந்தின நாள்
வண்டி நிற்கும் முன்னே
ஜன்னல் வழி துண்டு போடுகிறவர்கள்.
ஏறி வந்து பார்க்கிறவனுக்கு
எல்லா சீட்டிலும் ஒரு துண்டு.

ஆகவே இந்த வருடம் ஒரு நீல டிரம்.
தவிடு, கருப்பட்டிப் பாகு,
இரண்டு கரண்டி சாம்பல்நிறப் பொடி.
உயிர் என்று யாரும் நம்ப மாட்டார்கள்,
சலிக்காத கோதுமை மாவு போல இருக்கும்.
மறுநாள் மூடியைத் திறந்தால்
அது நுரைத்துக்கொண்டு பேசும்.
தோசைமாவும் கள்ளும் கலந்த வாசம்.
வேலிக்கு அந்தப் பக்கம் ரோசிலி
மூக்கைச் சுருக்கி,
"என்னவோ வடிக்கியளா?" என்றாள்.

பாதி குளத்துக்கு.
பாதி தீவனத்தில் பிசைந்து
நிழலில் உலர்த்தி
மீனின் குடலுக்குள் துண்டு போட.

தப்பும் செய்தேன்.
ஆசையில் ஒரு சாயங்காலம்
இரட்டை அளவு ஊற்றினேன்.
நல்லதும் மூச்சு விடும்,
அதற்கும் காற்று வேண்டும் என்று
எனக்குத் தோன்றவில்லை.
விடியுமுன் முப்பத்தொரு மீன்
வாயைப் பிளந்து மேற்பரப்பில்.
அந்த முப்பத்தொன்றை
நோயின் கணக்கில் எழுதவில்லை.
நோட்டில் என் பெயர் போட்டு எழுதினேன்:
பெல்சிட்டா, 31.

நேற்று மழையோடு கரண்டு போனது.
காற்றுச் சக்கரங்கள் நின்றன.
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்குமுன்
டார்ச்சை அணைத்தேன்.
ஒரே ஒரு நிமிடம்.
குனிந்து முழங்கை வரை விட்டு
அளைந்தேன்.
மை.
ஒரு பொட்டுகூட இல்லை.
இருட்டைப் பார்த்து
இப்படிச் சிரித்தது
என் வாழ்க்கையில் முதல் தடவை.

பஹ்ரைனில் அவர் தூங்கவில்லை.
வீடியோ அனுப்பினேன்.
"கறுப்பா இருக்கே, ஒண்ணுமே தெரியலியே?"
அதான், என்றேன்.
அவர் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

இன்று காலை அபிஷ்மா தட்டின் படம் அனுப்பினாள்.
பச்சை நான்கு.
பெரிதாக்கி மறுபடி எண்ணினேன், நான்குதான்.
ஒழிந்துபோகவில்லை.
அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள்,
கம்பியைப் பிடித்து நின்றபடி,
யாராவது எழுந்திருப்பார்களா என்று
ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்து.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது.
கடை திறக்க ஒன்பதாகும்.
அதற்குள் டிரம்மைக் கழுவிவிடலாம்.